முதல் நேர்முகத் தேர்வும் விலைக்கு வரும் அனுபவச் சான்றிதழும்

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. செலவுக் கணக்கியல், புள்ளியியல் ஆகிய இரு பாடங்களில் அரியர் விழுந்ததால் பட்டம் முடிக்க ஓராண்டு கூடுதலாயிற்று. அந்த ஆண்டில் சித்தப்பாவின் அச்சகத்தில் சம்பளம் வாங்காமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இளநிலைப் பணிக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருக்கிறது. எனக்கு இதுதான் முதல் அழைப்பு. ஓராண்டு இடைவெளியைக் கண்டால் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லும் கன்சல்டன்சிக்காரர் ஒருவர், அந்த ஆண்டுக்கு வேறொரு நிறுவனத்தின் பெயரில் அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தருவதாகக் கூறுகிறார். முன்பணம் கொடுத்துவிட்டேன், என் மூலச் சான்றிதழ்களும் அவரிடம் இருக்கின்றன. நான் என்ன செய்ய வேண்டும்? நேர்முகத்துக்கு எப்படித் தயாராவது?

பதில்: அந்த அனுபவச் சான்றிதழை வாங்காதீர்கள், ஏற்கெனவே வாங்கியிருந்தால் யாரிடமும் காட்டாதீர்கள். உங்களிடம் இப்போது இருக்கும் குறை இரண்டு பாடங்களில் தவறியதால் வந்த ஓராண்டுத் தாமதம் மட்டுமே. அதை நான்கே வாக்கியங்களில் விளக்கிவிடலாம். அதை மறைப்பதற்காகப் பொய்ச் சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தாமதமாகத் தேறியவர் என்ற நிலையிலிருந்து போலி ஆவணம் கொடுத்தவர் என்ற நிலைக்கு நீங்களாகவே இறங்கிவிடுவீர்கள். இளநிலைப் பணிக்கு ஆள் எடுப்பவர்களில் பெரும்பாலோர் முதலாவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவதை, அதிலும் கணக்குப் பிரிவில், யாரும் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள்.

உங்கள் கன்சல்டன்சிக்காரர் சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு. இன்று பல நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பை அதற்கென்றே இருக்கும் வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அவர்கள் சான்றிதழின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை நம்பி அழைப்பதில்லை. அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா, சொல்லப்பட்ட காலத்தில் இயங்கியதா, உங்களுக்குச் சம்பளம் கொடுத்ததற்கு வங்கியிலோ வரிக் கணக்கிலோ தடயம் இருக்கிறதா என்று தனியே விசாரிக்கிறார்கள். பட்டம் பெற்ற தேதியைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். ஒரே பெயரில் பலருக்குச் சான்று விற்கும் பெயரளவு நிறுவனங்களைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அதற்கும் மேலாக, நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பப் படிவத்தின் அடியில், விவரங்கள் அனைத்தும் உண்மை, தவறென்று தெரியவந்தால் பணிநீக்கம் செய்யலாம் என்ற உறுதிமொழி பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்திட்டபின் பொய் வெளிப்படுவது சேர்ந்த மாதமாகவும் இருக்கலாம், பதவி உயர்வு பெற்ற ஆண்டாகவும் இருக்கலாம். அன்று கன்சல்டன்சிக்காரர் உங்கள் தொலைபேசி அழைப்பை எடுக்கமாட்டார்.

இந்த வியாபாரம் தழைப்பதற்கு நிறுவனங்களும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொடக்கநிலைப் பணி என்று விளம்பரம் செய்துவிட்டு, அதற்கடுத்த வரியிலேயே இரண்டாண்டு அனுபவம் தேவை என்று போடுகிறார்கள்; எங்கேயும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அந்த இரண்டாண்டை இளைஞர் எங்கிருந்து கொண்டுவருவார் என்று அதை எழுதியவர் யோசிப்பதில்லை. ஆனால் அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை அவர்கள் நினைக்குமளவு பயன்படும் அளவுகோலும் அன்று. பணியாளர் தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை உளவியலாளர் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி கணக்கிட்டு 2022இல் வெளியிட்டார்கள். முழுப் பொருத்தத்தை 1 என்றும் தொடர்பே இல்லாததை 0 என்றும் கொண்டால், எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்முகம் பிற்காலச் செயல்திறனோடு 0.42 அளவுக்குப் பொருந்தியது. மனம்போனபடி கேட்கும் நேர்முகம் 0.19, அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கையோ வெறும் 0.07. அந்த 0.07ஐத்தான் உங்களுக்குப் பணத்துக்கு விற்கப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் உங்களிடம் உண்மையான அனுபவமே இருக்கிறது. அதை நீங்கள் அனுபவமாகக் கருதவில்லை, அவ்வளவுதான். அச்சகத்தில் ஓராண்டு கணக்கு எழுதியவர் பற்றுச்சீட்டுகளை வரிசைப்படுத்தியிருப்பார், காகிதக் கொள்முதலையும் கையிருப்பையும் ஒத்துப்பார்த்திருப்பார், பாக்கி வைத்த வாடிக்கையாளர்களின் பட்டியலைப் பராமரித்திருப்பார், மாத முடிவில் வங்கிக் கணக்கோடு பேரேட்டைச் சரிபார்த்திருப்பார். இளநிலைக் கணக்குப் பணிக்குச் சேருபவரிடம் முதலாண்டில் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஆகவே சுயவிவரக் குறிப்பில் அந்த ஆண்டை மறைக்காமல், குடும்பத்தினர் நடத்தும் அச்சகத்தில் ஊதியமின்றிக் கணக்குப் பணி என்று மாதமும் ஆண்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘கணக்கு மேலாளர்’ போன்ற பதவிப் பெயர் எதையும் நீங்களாகச் சூட்டிக்கொள்ளாதீர்கள். சித்தப்பா தம் அச்சகத்தின் கடிதத் தாளில், நீங்கள் செய்த வேலையையும் சம்பளம் தரப்படவில்லை என்பதையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தால் போதும். யார் விசாரித்தாலும் கலையாத சான்று அது.

தாமதத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் மட்டுமே பேசுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று தொடங்கியவுடன் குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போல அரியரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. கேட்டார்களானால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். ‘செலவுக் கணக்கியலிலும் புள்ளியியலிலும் தவறினேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்தேனே தவிர, கணக்குகளைப் போட்டுப் பழகவில்லை. அடுத்த ஆண்டு தினமும் போட்டுப் பழகித் தேறினேன். அதே ஆண்டில் ஓர் அச்சகத்தின் கணக்கையும் எழுதினேன்.’ இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். எதிரில் இருப்பவர் குறிப்பெழுதுவதற்காகச் சற்று மௌனமானால் பதறி, ஆசிரியர் சரியில்லை, வினாத்தாள் கடினம், உடல்நிலை மோசம் என்று காரணங்களை அடுக்கத் தொடங்குபவர்களே பெரும்பாலும் வாய்ப்பை இழக்கிறார்கள். இந்தப் பதிலுக்குப்பின் செலவுக் கணக்கியலில் இரண்டொரு அடிப்படைக் கேள்விகள் வருமென்று எதிர்பார்த்துச் செல்லுங்கள். நிலையான செலவு, மாறும் செலவு, லாபநட்டமில்லா நிலை ஆகியவற்றை அச்சகத்திலிருந்தே எடுத்துக்காட்டு தந்து விளக்க உங்களால் முடியும்: இயந்திரத்தின் வாடகை எவ்வளவு அச்சிட்டாலும் மாறாது, காகிதச் செலவு பிரதிகளின் எண்ணிக்கையோடு ஏறும். பாடநூல் வரையறையை ஒப்பிப்பதைவிட இது பன்மடங்கு எடுபடும்.

அடுத்ததாக, உங்கள் வேலையிலிருந்து மூன்று நான்கு நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்து வையுங்கள். கணக்கு ஒத்துவராமல் பிழையைத் தேடிக் கண்டுபிடித்தது, பாக்கித் தொகையைக் கேட்டபோது சண்டைக்கு வந்த வாடிக்கையாளரைச் சமாளித்தது, பல வேலைகள் ஒரே நாளில் வந்து குவிந்தபோது எதை முதலில் முடிப்பது என்று முடிவெடுத்தது போன்றவை. ஒவ்வொன்றிலும் சூழ்நிலை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று நான்கு படிகள் இருக்கட்டும். புதியவர்கள் சூழ்நிலையை நீளமாக வருணித்துவிட்டுத் தாம் செய்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் மூன்றாவது படிக்குத்தான். நேர்முகக் குழு கேட்கும் கேள்வி எந்த வடிவில் வந்தாலும் இந்த நிகழ்ச்சிகளில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும். எழுதி மனப்பாடம் செய்யாமல், வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால், எங்கே இழுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பணி விளம்பரத்தை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு தேவைக்கும் எதிரே உங்களிடம் உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுயவிவரக் குறிப்பில் ஒரு கணக்கு மென்பொருளின் பெயர் இருந்தால் அதில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள், தெரியாத மென்பொருளின் பெயரைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இணையவழி நேர்முகமானால் முந்தைய நாளே கேமராவையும் ஒலியையும் சோதித்துவிடுங்கள். உடையைப் பற்றி ஊரெல்லாம் அறிவுரை கிடைக்கும். துவைத்துத் தேய்த்ததாக இருந்தால் போதும். நீங்கள் இவ்வளவு தயாராகிப் போனாலும், உங்கள் குறிப்பை அந்த நிமிடம்தான் முதன்முதலாகப் புரட்டும் அதிகாரி எதிரில் அமர்ந்திருக்கக்கூடும். அதைக் கண்டு சோர்வடையாமல், தேவையானதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இனிப் பணத்தைப் பற்றி. வேலை தருகிறவரோ அவருக்கு ஆள் பிடித்துத் தருகிறவரோ வேலை தேடுபவரிடம் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை, சீருடைக்கு, மடிக்கணினிக்கு, சான்றிதழ் சரிபார்ப்புக்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997இல் ஏற்படுத்திய 181ஆம் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுவதுமாகவோ பகுதியாகவோ கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. இதை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை; ஏற்ற நாடுகளிலும் கண்காணிப்பு காகிதத்தில் இருக்குமளவு தெருவில் இருப்பதில்லை.

பணம் கேட்டால் விலகிவிடுங்கள் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் மோசடிக்காரர்கள் அதைத்தான் முகமூடியாக அணிகிறார்கள். அரசுத் துறைகளும் பொது நிறுவனங்களும் போட்டித் தேர்வு நடத்தும்போது விண்ணப்பக் கட்டணம் வாங்குவது முறையானதே. ஆனால் அந்தக் கட்டணம் பொது அறிவிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரே பிரிவைச் சேர்ந்த எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே தொகையாக இருக்கும். தேர்வுக்கு முன்பு வாங்கப்படுமே தவிர, நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள் என்று சொன்னபின் வாங்கப்படாது. நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாக நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். தனிநபரின் கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ போகாது. செலுத்தியதற்கு ரசீது கிடைக்கும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அதை விண்ணப்பக் கட்டணம் என்று நம்பாதீர்கள். அறிவிப்பை நண்பர் அனுப்பிய இணைப்பின் வழியே திறக்காமல், அந்தத் துறையின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறந்து பாருங்கள். ஓர் எழுத்து மட்டும் மாறிய போலித் தளங்கள் ஏராளம்.

உங்கள் நேர்முகத்துக்கு முன் செய்து முடிக்க வேண்டிய முதல் வேலை, மூலச் சான்றிதழ்களை மீட்பது. மூலச் சான்றிதழ்களை யாரும் சரிபார்க்கலாம். உங்கள் கண்முன் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். முன்பணத்தையும் திருப்பித் தந்தால்தான் பேசுவேன் என்று நீங்கள் நிபந்தனை போடாமல், சான்றிதழ்களை மட்டும் இந்தத் தேதிக்குள் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ, பதிவாக இருந்தால் சரி. நேரில் வாங்கப் போகும்போது சித்தப்பாவையோ வேறு பெரியவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மீதித் தொகையைக் கொடுத்தால்தான் தருவேன் என்றால், மேற்கொண்டு பேரம் பேசாமல் அந்தச் செய்தியோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அதே நாளில் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கும் விண்ணப்பித்து, அதற்கான ரசீதையும் புகாரின் பிரதியையும் நேர்முகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். முன்பணம் திரும்பி வந்தால் வரட்டும். அதற்காக அவரிடம் இன்னொரு முறை போய் உட்கார வேண்டாம்.