இலக்கியத்துக்காக ஒரே ஒரு ஆண்டுக்குப் போய்வரலாம் என்றால்? என் ஓட்டு 1880, ரஷ்யா

"ஏதாவது ஒரு நாட்டின் இலக்கிய வாழ்க்கையில் ஒரே ஒரு ஆண்டைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

1880, ரஷ்யா. யோசிக்கவே தேவையில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் உடனே "ரஷ்ய மகாகவி புஷ்கினின் சிலைத் திறப்பு, அந்த விழாவில் தஸ்தயெவ்ஸ்கியின் பேச்சு, அதுதானே?" என்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் அந்த ஆண்டைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு மனசு அடித்துக்கொள்வது வேறொன்றுக்கு. டால்ஸ்டாயும் தஸ்தயெவ்ஸ்கியும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில் வாழ்ந்தும் கடைசிவரை ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை, சந்திக்க இருந்த கடைசி வாய்ப்பும் இந்த ஆண்டில்தான் கை நழுவியது. அதுவும் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்.

நல்ல ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பிப்ரவரி 5 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டி, நம்முடையதற்கு 12 நாள் பின்னால்) ஜாரின் குளிர்கால அரண்மனைக்குள்ளேயே குண்டு வெடித்தது. 20ஆம் தேதி, அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த லோரிஸ் மெலிகோவை ஒரு இளைஞன் சுட்டான். குறி தவறியது, 22ஆம் தேதி அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். நடுவில் கார்ஷின் என்ற 25 வயது எழுத்தாளர் ராத்திரியோடு ராத்திரியாக மெலிகோவின் வீட்டுக்கே போய் அவனை மன்னித்துவிடும்படி அழுது கெஞ்சியிருக்கிறார். பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவருக்கே புத்தி தடுமாறி, ஊர் ஊராக அலைந்து, மார்ச்சில் டால்ஸ்டாய் வீட்டு வாசலில் போய் நின்றார். அதே மார்ச்சில், மாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 20 வயதுப் பையன் ஒருவனின் முதல் கதை ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் வந்தது. வரிக்கு 5 கோபெக் (ரஷ்யச் சில்லறைக் காசு) சன்மானம். பையன் பெயர் செகாவ். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, சிலைக்கு வருகிறேன். புஷ்கின் இறந்து 43 வருஷம் கழித்து, ஜனங்களிடம் வசூலித்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரூபிளில் எழுப்பிய சிலை. (இப்போது மாஸ்கோவில் போய்த் தேடினால் சாலையின் எதிர்ப்புறம் இருக்கும், 1950இல் இடம் மாற்றிவிட்டார்கள்.) விழாவுக்கு அழைக்க மே மாதம் நாவலாசிரியர் துர்கனேவ் நேரிலேயே டால்ஸ்டாய் வீட்டுக்குப் போனார். டால்ஸ்டாய் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போது அவர் கடவுள், சுவிசேஷம் என்று முழுகிக் கிடந்தார், சிலை, விருந்து எல்லாம் அவருக்கு வெட்டிப் பகட்டு.

தஸ்தயெவ்ஸ்கி வந்துவிட்டார். அதற்குள் ஜாரின் மனைவி காலமாகிவிட, விழா தள்ளிப்போனது. மனிதர் மாஸ்கோவில் லஸ்கூத்னயா என்ற ஹோட்டலில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து மனைவி அன்னாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள்தான் எனக்கு அந்தப் பேச்சைவிடப் பிடித்தவை. அறை வாடகையை மாநகராட்சி கொடுக்கிறது என்று தெரிந்ததும் கூனிக் குறுகிப்போகிறார். காபி சரியில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பி, திக்காகப் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஓசிச் சோற்றில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிறான் பார் என்று ஹோட்டல்காரர்கள் நினைத்துவிடுவார்களே என்று இப்போது கவலை. சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் இரண்டாவது காபி கேட்கக் கூசுகிற என் சித்தப்பா அப்படியே கண்முன் வந்தார். 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலை எழுதிக்கொண்டிருக்கும் ஆள் இவர்!

அந்தக் கடிதங்களில்தான் இதுவும் இருக்கிறது. டால்ஸ்டாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம் என்று ஊரில் பேச்சு, பத்திரிகை ஆசிரியர் கத்கோவும் அதையே உறுதியாகச் சொல்கிறார். இன்னொரு நண்பர், "வாங்களேன், டால்ஸ்டாயின் ஊரான யாஸ்னயா பல்யானாவுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், போய்த் திரும்ப இரண்டு நாள்கூட ஆகாது" என்கிற மாதிரி தூண்டிவிடுகிறார். பார்க்க ஆவலாகத்தான் இருக்கிறது, ஆனால் போகப்போவதில்லை என்று அன்னாவுக்கு எழுதிவிட்டு இவர் ஹோட்டலிலேயே இருந்துவிட்டார். சுமார் 200 கிலோமீட்டர், ரயில் வேறு இருக்கிறது! இரண்டு வருஷம் முன்னால் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சொற்பொழிவுக்கு இரண்டு பேருமே போயிருந்தார்கள். இருவருக்கும் நண்பரான ஸ்த்ராகவ் கூடவே இருந்தும் அறிமுகம் செய்துவைக்கவில்லை, ஏனென்றால் யாரையும் எனக்கு அறிமுகப்படுத்தாதே என்று டால்ஸ்டாய் சொல்லி வைத்திருந்தார்.

ஜூன் 8 அன்று விழாவில் தஸ்தயெவ்ஸ்கி புஷ்கினைப் பற்றிப் பேசிய பேச்சைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. நான் சுருக்கமாகவே சொல்கிறேன்: கூட்டம் அழுதது, ஒரு மாணவன் மேடையருகே மயங்கி விழுந்தான், 20 வருஷப் பகையை மறந்து கட்டிக்கொண்டோம் என்று இரண்டு கிழவர்கள் வந்து சொன்னார்கள். துர்கனேவே ஓடி வந்து கட்டிப்பிடித்தார். தஸ்தயெவ்ஸ்கி அவரிடம் வாங்கிய 50 தாலர் (ஜெர்மன் நாணயம்) கடனைத் திருப்பச் சுமார் பத்து வருஷம் எடுத்துக்கொண்டவர், நடுவில் ஒரு நாவலில் அவரைக் கேலிச்சித்திரமாகவும் ஆக்கியவர். (அப்புறம் துர்கனேவுக்குச் சூடு ஆறியதும், பேச்சு சாமர்த்தியமானது, ஆனால் பொய் என்று கடிதம் எழுதினார். அவரையும் குறை சொல்ல முடியாது.) அன்றிரவு தஸ்தயெவ்ஸ்கி, கூட்டத்தில் பெண்கள் போட்ட பெரிய மாலையை எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் போய், ஆளில்லாத சதுக்கத்தில் புஷ்கின் காலடியில் அதை வைத்துத் தரையில் விழுந்து வணங்கிவிட்டு வந்தாராம். அன்னா தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இனி செப்டம்பர். "பைத்தியம் பிடித்த" டால்ஸ்டாய் வீட்டில் உட்கார்ந்து தஸ்தயெவ்ஸ்கியின் சைபீரியச் சிறை நாவலை மறுபடி படிக்கிறார். படித்துவிட்டு ஸ்த்ராகவுக்கு எழுதுகிறார்: புஷ்கினையும் சேர்த்துச் சொல்கிறேன், புதிய இலக்கியம் முழுவதிலும் இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது, அவரைப் பார்த்தால் நான் நேசிப்பதாகச் சொல்லுங்கள்.

தஸ்தயெவ்ஸ்கி நவம்பரில் கரமசோவின் கடைசிப் பகுதியை அனுப்பிவிட்டு, இன்னும் 20 வருஷம் வாழ்ந்து எழுத உத்தேசம் என்று பத்திரிகைக்கு எழுதினார். மூன்று மாதம்கூட இருக்கவில்லை, 1881 ஜனவரி 28 அன்று போய்விட்டார். நல்ல வேளை, அந்த நவம்பர் தொடக்கத்திலேயே ஸ்த்ராகவ் டால்ஸ்டாயின் கடிதத்தைக் காட்டிவிட்டிருந்தார். தஸ்தயெவ்ஸ்கிக்கு அவ்வளவு சந்தோஷம், அந்தத் தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போங்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஒரே ஒரு மனத்தாங்கல்தான்: புஷ்கினையும் சேர்த்தா?