லண்டனிலிருந்து ஒருநாள் பயணமாக பிரைட்டன் போனால் கடற்கரை தவிர என்ன பார்க்கலாம்?

முதலில் கடற்கரையைப் பற்றியே ஒரு வார்த்தை: அங்கே மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். கெட்டியான செருப்பு இல்லாமல் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், ரயிலை விட்டு இறங்கியதும் ராயல் பெவிலியனுக்குத்தான் போகச் சொல்வேன். வெளியே முகலாயக் குவிமாடங்கள், உள்ளே சீன டிராகன்கள்; பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், 1815 முதல் ஜான் நாஷைக் கொண்டு மாற்றிக் கட்டிய விசித்திரம். முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு இந்த அரண்மனையே மருத்துவமனையாக இருந்தது. அங்கு இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் எரியூட்டப்பட்டார்கள். அதே இடத்தில் 1921இல் திறக்கப்பட்ட வெண்பளிங்கு நினைவு மண்டபம்தான் சத்ரி. கடைசித் தொலைவை நடந்தே கடக்க வேண்டும், ஆனாலும் விடாதீர்கள்.

குழந்தைகள் இருந்தால் கடலோரமாக ஓடும் வோக்ஸ் மின்ரயில். 1883இல் தொடங்கியது, இன்றும் ஓடும் மின்ரயில்களில் உலகிலேயே மிகப் பழையது. குளிர்காலத்தில் ஓடாது. கடலுக்குள் நீளும் மேடைப் பாலமான பாலஸ் பியரில் ராட்டினங்கள் உண்டு, பர்ஸ் பத்திரம். கையில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் கடற்காகங்களிடமிருந்து அதுவும் பத்திரம்.

வானம் வெளுத்திருந்தால் 12ஆம் எண் பஸ்ஸில் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போகலாம். விளிம்பருகே மட்டும் நிற்காதீர்கள், பாறை சரிந்து விழும்.