கழிமுகத்து மண்ணும் களிமண் கனிமங்களும்

கேள்வி: எண்ணூர் கழிமுகக் கரை மண்ணில் என்னென்ன களிமண் கனிமங்கள் உள்ளன என்று எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் சிதறலால் கனிமங்களை அடையாளம் காணும் கருவி) பார்க்க வேண்டும். 105 டிகிரியில் காயவைத்துப் பொடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கால்கான் (களித்துகள்களைப் பிரித்து வைக்கும் சோடியம் பாஸ்பேட் உப்பு) கரைசலில் கலக்கினேன். அரை மணிக்குள் தண்ணீர் தெளிந்து எல்லாம் அடியில் படிந்துவிட்டது. பொடியை அப்படியே வைத்தால் குவார்ட்ஸ் மட்டுமே தெரிகிறது. எங்கே தவறு?
– எம்.எஸ்சி. மாணவி, திருவொற்றியூர்

பதில்: உப்புதான் காரணம். கடல்நீர் ஊறிய மண் அது. உப்பு இருக்கும்வரை களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, மணல்போல இறங்கிவிடும். கால்கானைக் கூட்டினாலும் பயனில்லை, அதுவும் ஒரு சோடியம் உப்புதானே!

10 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் தெளிவைக் கொட்டுங்கள். கொட்டும் நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விட்டால் வெண்மையாகத் திரிகிறதா? இன்னும் கழுவ வேண்டும். நாலைந்து முறைக்குப் பின், சுழற்றியும் நீர் கலங்கலாகவே நிற்கும். உப்பு போனதற்கு அதுவே அடையாளம். பலர் இந்தக் கலங்கலையும் கொட்டிவிடுகிறார்கள். தேடிய களிமண்ணே அதில்தான் இருக்கிறது!

அடுத்து, மண்ணில் உள்ள சிப்பித்தூளை, அதாவது சுண்ணாம்பை, நீக்க வேண்டும். பிஎச் 5 உள்ள சோடியம் அசிடேட் கரைசலில் மிதமான சூட்டில், நுரை நிற்கும்வரை வையுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைட் போன்ற களிமண் கனிமங்களையும் அது அரித்துவிடும். அசிடேட்டைக் கழுவி நீக்கிய பிறகே மட்கை எரிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், பொங்கி வழியும். வரிசையை மாற்றினால் சுண்ணாம்பும் மட்கும் சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் ஆகி, எக்ஸ்ஆர்டி படத்தில் புதுக் கோடுகள் முளைக்கும்.

இப்போது கால்கானில் கலக்கி, ஜாடியில் படியவிடுங்கள். 10 செ.மீ. ஆழம்வரை 2 மைக்ரானுக்கு மேற்பட்டவை இறங்க 20 டிகிரியில் 7 மணி 45 நிமிடம் ஆகும்; 30 டிகிரியில் 6 மணி 10 நிமிடம் போதும். நம் ஊர் வெயிலில் குளிர்நாட்டு அட்டவணையை நம்பாமல் ஜாடிக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

அதன்பின் மேல் 10 செ.மீ. நீரோடு உறிஞ்சி எடுத்த களியை மெக்னீசியம் குளோரைடில் ஊறவைத்து, கழுவி, கண்ணாடித் தகட்டில் படியவிட்டு உலர்த்துங்கள். எத்திலீன் கிளைக்கால் ஆவியில் 14 ஆங்ஸ்ட்ராம் (கனிம அடுக்குகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவு) கோடு 17க்கு நகர்ந்தால் அது ஸ்மெக்டைட் என்னும் உப்பும் களிமண் கனிமம். 550 டிகிரியில் 7 ஆங்ஸ்ட்ராம் கோடு மறைந்தால் கயோலினைட். இந்தச் சூட்டில் சாதாரணக் கண்ணாடி வளையும், பீங்கான் தகடு வையுங்கள்.

105 டிகிரியையும் விட்டுவிடுங்கள். ஜிப்சம் நீரை இழந்து வேறு கனிமமாகிவிடும். நிழலில், 40 டிகிரிக்குள் காயட்டும்.

கழுவாத மண்ணின் படத்தில் 5.39 ஆங்ஸ்ட்ராமில் கோடு தெரிந்தால் முல்லைட்டாக இருக்கலாம். அது மண்ணில் தானாக விளைவதில்லை, அனல் மின் நிலையச் சாம்பலில் இருப்பது. அந்தக் கரையில் அதை எதிர்பார்த்தே படத்தைப் படியுங்கள்.