அசோகமித்திரன் கதைகளில் ஒன்றுமே நடப்பதில்லையே, பிறகு ஏன் குடும்பம், இழப்பு என்று பேச்சு வந்தாலே அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

கல்லூரி நாட்களில் எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. '18வது அட்சக்கோடு' நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். என் தந்தை காலமான மூன்றாம் மாதம் அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய நேர்ந்தபோது, எங்களை அதிகம் அலைக்கழித்தது துக்கமல்ல. கேஸ் இணைப்பை யார் பெயருக்கு மாற்றுவது, புது வீட்டு மாடிப்படியில் இரும்பு பீரோ திரும்புமா என்பவைதாம். அதற்குப் பிறகே அவரை மீண்டும் எடுத்தேன்.

ஜ. தியாகராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். ரயில்வேயில் பணியாற்றிய தந்தை இறந்தபின், 1952-இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தார். நாளிதழ்களிலிருந்து செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவ்வேலையின் பெரும்பகுதி. அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாக எண்ணி ஆளாளுக்கு வந்து பேசிவிட்டுப் போவார்களாம். (எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல நாற்காலி கிடைக்குமா?)

'18வது அட்சக்கோடு' வெளிவந்தது 1977-இல். அதற்குள் அவர் ஊரைவிட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வளர்ந்த ஹைதராபாத் ராஜ்யமும் 1956-இல் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டு வரைபடத்திலிருந்தே போயிருந்தது. நாவலின் நாயகனான சிறுவன் சந்திரசேகரன் சில இடங்களில் 'நான்' என்றும் சில இடங்களில் 'அவன்' என்றும் வருகிறான். முதல் வாசிப்பில் இதை ஓர் உத்தி என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அந்தப் பையனைத் தன்னவன் என்று சொல்லிக்கொள்ளலாமா கூடாதா என்று எழுதுபவருக்கே தீராத தயக்கம் அது என்றுதான் இப்போது படுகிறது. 1948 செப்டம்பரில், நிஜாம் ஆண்ட ஹைதராபாத்துக்குள் இந்திய ராணுவம் நுழைந்தபின், கலவரத்துக்கு நடுவே தற்செயலாக ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடும் அவனை எதிரியென்று எண்ணி, குடும்பத்தை விட்டுவிடும்படி கெஞ்சி, தன்னையே கொடுக்க ஆடை களைந்து நிற்கிறாள் ஒரு சிறுபெண். அவன் வெளியே ஓடுகிறான், நாவல் முடிந்துவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்கள் வரை வந்திருக்கமாட்டார்கள், நானே வரவில்லையே.

'தண்ணீர்' நாவலில் சென்னை முழுதும் குடத்தோடு அலைகிறது. சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனாவுக்கும் அவள் தங்கை சாயாவுக்கும் இடையிலான கோபம், பாசம் எல்லாம் குழாயடிக்கும் வாடகை அறைக்கும் நடுவிலேயே நிகழ்கின்றன. யாருடைய மனம் உடைந்தாலும் மறுநாள் காலையில் தண்ணீர் பிடித்தாக வேண்டும்.

தொடங்குவதற்கு 'புலிக்கலைஞன்' சிறுகதையைச் சொல்வேன். ஸ்டுடியோ அலுவலகத்தில் வாய்ப்புக் கேட்டு வரும் காதர், மேசை நாற்காலிகளுக்கிடையே புலியாகவே மாறிப் பாய்கிறார். பிறகு வேடம் கிடைக்கும் நேரத்தில் அவருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அடுத்து 'தண்ணீர்', அதன்பின் '18வது அட்சக்கோடு'. அதில் கிரிக்கெட் வரும் பக்கங்கள் நீளமாகத் தோன்றினாலும் தாண்டிவிடாதீர்கள்.