67,46,32,83,88,800

"உங்களுக்குப் பிடித்த பெரிய எண் எது? அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் எண் தலைப்பிலேயே இருக்கிறது. 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல்.

காசிமேட்டில் மீன் விற்பவர்களுக்கு இதன் குணம் சட்டென்று பிடிபடும். 24 மீனை 2, 3, 4, 6, 8, 12 என்று எத்தனை கூறாகவும் மிச்சமில்லாமல் போடலாம். 25 மீன் என்றால் ஐந்து கூறு, அவ்வளவுதான். 1-ஐயும் 24-ஐயும் சேர்த்தால் 24-க்கு 8 வகுத்திகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 8 கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எண்களையெல்லாம் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற 102 எண்களை ராமானுஜன் 1915-இல் வெளியான கட்டுரையில் பட்டியலிட்டார். அதன் கடைசி எண்தான் என் எண்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 1912-இல், அவர் எங்கள் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதச் சேர்ந்தவர். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் பாரிமுனை போகும்போது துறைமுகச் சுவரைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

எண்ணைப் பிரித்துப் பாருங்கள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று படி இறங்குகின்றன, எங்கும் ஏறவில்லை. ஏறவும் முடியாது. 3-இன் அடுக்கைவிட 5-இன் அடுக்கு பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே போதும். வகுத்திகள் குறையாமல் எண் சிறிதாகிவிடும். ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

மாலையில் மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒருநாள் இதைக் கரும்பலகையில் எழுதியிருந்தபோது, தண்டையார்பேட்டையிலிருந்து வரும் மாணவி எழுந்து வந்து, 23-ஐ விரலால் அழித்துவிட்டு, "சார், இது இல்லாவிட்டால்?" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மீதி நிற்பது 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. இதுவும் அதே இனத்து எண்தான். ராமானுஜன் தம் பட்டியலில் சேர்க்கத் தவறிய எண்ணும் இதுவே. அவர் எழுதிய கடைசி எண்ணுக்குள்ளேயே, ஒரு 23-க்கு அப்பால், அது இருந்திருக்கிறது.

அவளிடம் இதைச் சொன்னேன். சாக்பீஸ் படிந்த விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அந்தப் பன்னிரண்டு இலக்கங்களையும் எழுதி, கீழே 23 போட்டு, வலமிருந்து பெருக்கத் தொடங்கினாள்.