மனித–கணினி ஊடாட்டத் துறைக்குப் புதிய ஆய்விதழ் தொடங்க நினைக்கிறோம். ஏற்கெனவே இத்தனை இருக்கும்போது இன்னொன்று தேவையா?

தேவைதான். எங்கள் இதழைத் தொடங்கியபோது இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் ஆய்வு மாணவராகவோ அண்மையில் பணியில் சேர்ந்தவராகவோ இருப்பீர்கள், கையில் பெரிய நிதி இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன்.

மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் இந்தத் துறையில் ஆய்விதழ்களுக்குப் பஞ்சமில்லை. மேன்-மெஷின் ஸ்டடீஸ் 1969இலேயே வந்துவிட்டது. ஏசிஎம் என்ற கணினியியலாளர் சங்கத்தின் டோச்சி இதழ் 1994இலிருந்து வருகிறது. ஆனாலும் நல்ல முடிவு கையில் இருந்தால் பலரும் இத்துறையின் பெரிய மாநாடான சிஎச்ஐக்குக் கட்டுரை அனுப்பும் கடைசித் தேதியைத்தான் பார்க்கிறார்கள். மாநாட்டைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் அங்கே அனுப்புகிறவன்தான். ஆனால் அங்கே "புதுமை என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. பழைய சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். 2014 சிஎச்ஐ கட்டுரைகளை எண்ணிப் பார்த்ததில், ஒரு சோதனையில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையாக அதிகம் தென்பட்டது 12. அப்படிப்பட்ட முடிவுகளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டாமா?

எங்கள் இதழுக்கு முதலில் வந்தவற்றில் ஒன்று அந்த மாதிரிக் கட்டுரை. சொற்களைப் பரிந்துரைக்கும் ஒரு விசைப்பலகையில் தட்டச்சு வேகம் கூடுகிறது என்று முன்பு வந்திருந்த முடிவை, இன்னும் அதிகம் பேரை வைத்துச் சோதித்திருந்தார்கள். வேகம் கூடவில்லை. மாநாட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் எங்கள் மதிப்பாய்வாளர் மூலத் தரவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தட்டலின் நேரத்தையும் பார்த்தார். பழைய ஆய்வில் முதல் எழுத்தைத் தட்டிய பிறகுதான் நேரம் ஓடத் தொடங்குகிறது. இந்தத் துறையில் அது வழக்கமான முறைதான். ஆனால் அந்த விசைப்பலகை தட்டுவதற்கு முன்பே பரிந்துரைகளைக் காட்டிவிடும். அவற்றைப் படிக்கும் நேரம் கணக்கிலேயே வரவில்லை! அதைச் சேர்த்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. இதை விளக்கும் பகுதியைக் கட்டுரையில் சேர்க்கச் சொன்னோம், பக்க வரம்பு வைக்கவில்லை. அந்தக் கட்டுரையை வெளியிட்டதில் எனக்கு இன்றும் பெருமை.

அதனால் வேறெங்கும் இடம் கிடைக்காத எந்த வகைக் கட்டுரைக்கு நீங்கள் இடம் தரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தளத்துக்கு ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இதழ் நடத்தும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என், ஒவ்வொரு கட்டுரைக்குமான நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எல்லாம் விண்ணப்பம் போட்டால் வந்துவிடும். கஷ்டம் மதிப்பாய்வாளர்கள்தான். முதல் இதழை அறிவிக்கும் முன்பே, "வருடத்துக்கு இத்தனை கட்டுரை பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். உங்கள் குழுவினரின் கட்டுரைகளாகவே போட்டு இதழை நிரப்பாதீர்கள். இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே அதற்கு 25 சதவீதம் என்று வரம்பே வைத்திருக்கிறது. ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஸ்கோபஸில் சேர இரண்டு வருட வெளியீடாவது வேண்டும், அதுவரை மூத்தவர்கள் அனுப்பத் தயங்குவார்கள். பெரிய பதிப்பகம் இல்லாமல் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இயந்திரக் கற்றல் துறையைக் காட்டுங்கள். 2001இல் பதிப்பகம் ஒன்று நடத்திய மெஷின் லேர்னிங் என்ற பழைய இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து நாற்பது பேர் விலகி, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஜேஎம்எல்ஆர் என்ற இதழின் பக்கம் வந்தார்கள். இன்று அது அந்தத் துறையின் முன்னணி இதழ்களில் ஒன்று.

கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பார்வையற்ற நண்பர் ஒருவருடன் சேர்ந்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களான திரைவாசிப்பான்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பெயர்பெற்ற ஒரு பதிப்பகத்தின் இதழில் வெளியிட்டோம். அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பை அவருடைய திரைவாசிப்பானால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. அட்டவணையில் எந்தத் தலைப்பும் சொல்லாமல் வெறும் எண்களாக வாசித்துக்கொண்டே போனது. தன் கட்டுரையை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திருத்தித் தரச் சொல்லி எழுதினோம், "இதுதான் எங்கள் வடிவம்" என்று பதில் வந்தது. மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் இதழ் அது! எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் இதழில் ஒவ்வொரு கட்டுரையும் எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க வடிவிலும் வரும். அட்டவணைத் தலைப்புகளையும் பட விளக்கங்களையும் யாராவது ஒருவர் கையால் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுகிறோம்.

உங்கள் குழுவில் அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம், தட்டச்சு, உள்ளீட்டு முறைகள் பற்றிய கட்டுரைகளை நான் பார்த்துத் தருகிறேன்.