மாஜிஸ்டீரியல் என்றால் நீதி விசாரணையா?

கேள்வி: இங்கிலீஷ் பேப்பரில் வரும் ‘மாஜிஸ்டீரியல் என்கொயரி’யைத் தமிழில் ‘நீதி விசாரணை’ என்று எழுதலாமா? என் மகளோ, அதே சொல் ஒரு புத்தக விமர்சனத்தில் பாராட்டாக வந்திருக்கிறது என்கிறாள்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எழுதக் கூடாது. மாஜிஸ்திரேட் என்றதும் கறுப்புக் கோட்டு நினைவுக்கு வருவதுதான் குழப்பம். கலெக்டரும் தாசில்தாரும்கூட நிர்வாக மாஜிஸ்திரேட்டுகள்தாம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்துபோனால் தமிழ்நாட்டில் ‘ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை’ என்பார்களே, அது மாஜிஸ்டீரியல் என்கொயரியேதான்.

உங்கள் ஊரிலேயே இரண்டும் நடந்தன. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அரசு முதலில் அறிவித்தது மாவட்ட டி.சி.யின் (டெபுடி கமிஷனர், தமிழ்நாட்டுக் கலெக்டருக்கு இணை) விசாரணை, அது மாஜிஸ்டீரியல். பிறகு ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி மைக்கேல் டி’குன்ஹாவை வைத்துக் கமிஷன் போட்டார்கள். அது ஜுடிஷியல், நம் ‘நீதி விசாரணை’. (ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2014-ல் தீர்ப்புச் சொன்னவரேதான்.) இரண்டிலும் கிடைப்பது அறிக்கை, தண்டனை அல்ல.

சிக்கல் ஓர் இடத்தில் உண்டு. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் கோர்ட்டில் உட்காரும் மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 176-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 196-ஆம் பிரிவு. இதையும் மாஜிஸ்டீரியல் என்றே எழுதுகிறார்கள். ஆகவே மொழிபெயர்க்கும்முன் யார் விசாரிக்கிறார் என்று பாருங்கள். டி.சி. என்றால் ‘நிர்வாக நடுவர் விசாரணை’, கோர்ட் என்றால் ‘நீதித்துறை நடுவர் விசாரணை’.

மகள் சொல்வதும் சரி. லத்தீனில் ‘மாஜிஸ்டர்’ என்றால் ஆசான், தலைவர். மாஸ்டர், மேஸ்ட்ரோ எல்லாம் அந்த வேரே. போர்ச்சுகீசியர் வழியாக வந்த நம் கொத்தனார் ‘மேஸ்திரி’யும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அதனால் புத்தகத்துக்குச் சொன்னால், துறையைக் கரைத்துக் குடித்தவர் எழுதியது என்று பாராட்டு. ஒருவர் பேசும் தோரணைக்குச் சொன்னால் பாராட்டில்லை: வாத்தியார்த்தனம், மேலேயிருந்து பேசுவது.

எனவே மாஜிஸ்திரேட் நடத்தும் விசாரணையைச் சொல்லும்போது இந்தச் சொல்லை ‘என்கொயரி’க்கு முன்னால் மட்டும் போடுங்கள். ‘தி என்கொயரி வாஸ் மாஜிஸ்டீரியல்’ என்று பின்னால் தள்ளினால், விசாரணை பிரமாதம் என்றோ அதிகாரத் தோரணை என்றோ அர்த்தம் மாறிவிடும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘டீ’யில். ஸ்பெல்லிங்கில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு நினைப்பில் ‘ஜே’ போட்டுவிடாதீர்கள், இதில் ‘ஜி’.